மூன்றாம் படி

தெருவிலிருந்து அந்தக் கட்பீஸ் கடைக்கு ஏற மூன்று படிகள். ஏறும்போது அவை வெறும் படிகள். இறங்கும்போதுதான் வியாபாரம்.

விலை ஒத்துவராத ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தால் அது நடிப்பு. கடையில் ஒருத்தரும் தலை நிமிர மாட்டார்கள். இரண்டாம் படியில் நடை கொஞ்சம் தளரும். காது மட்டும் கடைக்குள்ளேயே தங்கிவிடும். அப்போதும் கூப்பிடக் கூடாது. மூன்றாம் படியில், ஒரு கால் தெருவில் பட்டும் படாமலும் இருக்கிற அந்த நொடியில்தான் கூப்பிட வேண்டும். முன்னால் கூப்பிட்டால் துணிக்கு மரியாதை போச்சு; பின்னால் கூப்பிட்டால் ஆள் எதிர்க்கடையில். முதலாளியின் அப்பா வகுத்துவிட்டுப் போன சட்டம் இது. அவர் விட்டுப்போன சொத்தில் பங்காளிகள் பங்கு கேட்காத ஒரே சமாச்சாரமும் இதுதான்.

முதலாளி தன் வாயால் கூப்பிடுவதும் கிடையாது. முதலாளி கூப்பிட்டால் தோற்றுப்போனார் என்று அர்த்தம். அவர் பாட்டுக்குத் துணியை மடித்துக்கொண்டே வெட்டுமேஜைப் பக்கம் கண்ணைச் சிமிட்டுவார். அங்கிருந்து கத்தரி குரல் கொடுப்பாள். "அக்கா, வாங்க வாங்க! முதலாளி மனசு மாறுறதுக்குள்ள ஓடி வாங்க!"

கத்தரி என்பது பட்டப்பெயர். மீட்டர் கோலில் அளந்த இடத்தில் நகத்தால் ஒரு கீறல், அப்புறம் ஒரே ஓட்டம். துணி கோணாமல் இரண்டாகிவிடும். பேச்சும் அப்படித்தான். நாலு பேர் அரைமணி நேரமாக வளர்த்த பேச்சை ஒரு வார்த்தையில் நறுக்கிப் போடுவாள். பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவள். வயது வந்துவிட்டது, இனி உன் பாடு என்று அங்கிருந்து அனுப்பியதும் ஒரு துணிப்பையோடு இந்தக் கடைக்குத்தான் வந்தாள். கேட்ட சம்பளத்தை முதலாளி பாதியாகக் குறைத்தபோது பேசாமல் திரும்பி நடந்தாள். மூன்றாம் படியில் முதலாளியம்மா கூப்பிட்டுவிட்டாள். அன்றைக்கு வேறு ஆள் இல்லை, கூப்பிட.

முதலாளியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாகக் கையை விரித்த பிறகு, தத்தெடுக்கலாம் என்று இரண்டு பேரும் கிளம்பினார்கள். பெற்றுக்கொள்கிறவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. இவர்களை எல்லாமே கேட்டார்கள். வருமானம் என்ன, வியாதி என்ன, வீட்டில் எத்தனை ஜன்னல், ஜன்னலுக்குக் கம்பி உண்டா, சண்டை வந்தால் யார் முதலில் பேசுவது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சான்று, ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு கட்டணம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வக்கீல். வீட்டு மாடியை விட்டு வந்த வாடகைப் பணம் வந்த வழியே போனது.

வீட்டைப் பார்க்க ஒரு அதிகாரி அம்மாள் வந்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார், குளியலறைத் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தலாமே என்று முதலாளி, "ரெண்டா எடுத்தா ஏதாச்சும் பார்த்துப் போடுவீங்களா மேடம்?" என்றார். கடையில் அந்த ஜோக்குக்குச் சிரிக்காத ஆள் கிடையாது. அதிகாரி சிரிக்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டார். அதன் பிறகு இன்னொரு பரிசோதனை வந்தது, மனநல ஆலோசகர் ஒருவர் வந்தார், அவருக்கும் கட்டணம் வந்தது. ஒரு வருஷத்துக்குப் பக்கம் அந்த ஜோக் தின்றுவிட்டது.

ஒருமுறை பிள்ளை கண்ணுக்கே தெரிந்தது. இரண்டு வயதுப் பெண். முதலாளியம்மாவின் மடியில் உட்கார்ந்து அவள் வளையல்களை முழங்கை வரைக்கும் தள்ளுவதும், விட்டுவிட்டு அவை சலசலத்து இறங்குவதைப் பார்ப்பதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து முதலாளியம்மா மஞ்சள் பூப்போட்ட துணியில் ஜன்னலுக்குத் திரை தைத்தாள். திரை மாட்டிய வாரமே பிள்ளையின் பெரியம்மா என்று ஒருத்தி எங்கிருந்தோ வந்து உரிமை கேட்டாள். சொந்தம் இருந்தால் சொந்தத்துக்குத்தான். சட்டம் சரியாகத்தான் சொன்னது. திரை மட்டும் மாட்டியபடி தொங்கியது. அப்புறம் இவர்கள் இருவரின் வயதையும் கூட்டிப் பார்த்து, இனிக் கைக்குழந்தை கிடையாது, வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு வரிசை, அதில் போய்க் கடைசியில் நில்லுங்கள் என்றார்கள். நின்றார்கள்.

அது அடைமழைக் காலம். மில்லிலிருந்து மூட்டை வந்திருந்தது. மழையில் வந்த மூட்டையைப் பிரித்தால் கஞ்சி வாடையும் சாய வாடையும் சேர்ந்து முகத்தில் அறையும். துண்டுகளை ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை உள்ளது ஒரு பக்கம், கறை உள்ளது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம் என்று பிரிக்க வேண்டும். நாலாவது துண்டைப் பிரிக்கும்போதே கத்தரி வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

முதலாளியம்மா ஒரு செம்புத் தண்ணீரோடு பின்னால் போனாள்.

"காலையில என்னடி சாப்பிட்ட?"

"ஒண்ணும் சாப்பிடலக்கா."

"அப்ப எதை வாந்தி எடுக்கற?"

கத்தரி வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "கேட்க வந்ததைக் கேளுங்கக்கா. எதுக்குச் சுத்தி வளைக்கறீங்க?"

"எத்தனை மாசம்?"

"ரெண்டு."

"யாரு?"

"மூட்டை இறக்க வருவான்ல, வேன்காரன். இப்ப ரூட்டை மாத்திக்கிட்டான்."

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னதுக்கு அப்புறம்தான் ரூட்டு மாறிச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன். பேசிட்டேன். லீவு வேணும். சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

முதலாளியம்மா யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டாள்.

"எனக்குக் குடேன்."

"எதை?"

"அதை. பெத்து எனக்குக் குடு."

கத்தரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னக்கா இது? கட்பீஸா? வேண்டாம்னு ஒதுக்கினதைச் சுருட்டி உங்க கையில குடுக்க?"

கேட்டுவிட்டு, அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். முதலாளியம்மா செம்பை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குள் போனாள்.

அந்தத் தெருவில் ரகசியத்துக்கு ஆயுசு கம்மி. மறுநாள் மத்தியானம் முதலாளியின் அக்கா வந்து சேர்ந்தாள். தம்பி கடையில் தினமும் ஒருமணி நேரம் உட்கார்ந்து, வந்த சாக்கில் ஒரு துண்டுத்துணியை மடியில் வைத்துக்கொண்டு போவது அவள் வழக்கம். அன்றைக்குத் துணியைப் பார்க்கக்கூட இல்லை.

"கலைக்கப் போறாளாமே? உசுரு இல்லையா அது? அந்தப் பாவம் இந்தக் கடை மேலதான் வந்து விழும், சொல்லிட்டேன்."

ஒட்டினாற்போல இருந்த தையல் கடையிலிருந்து தையல்காரர் எட்டிப் பார்த்தார். ஐந்து பெண்களைப் பெற்றவர். சட்டைக் காலரைப் பிரித்துக்கொண்டே, "பாவம் விழட்டும்மா. பால் டப்பா எங்கேர்ந்து விழும்? அதைச் சொல்லுங்க" என்றார்.

"ஆம்பளை உமக்கென்ன தெரியும்?"

"தெரியாதுதான். உங்களுக்கும் உங்களோட நாலு பிரசவம்தான் தெரியும். அந்தப் பொண்ணோடது தெரியாதே."

"உசுரா இல்லையா? ஒரே வார்த்தை. சொல்லும்."

"உசுருதான், நான் இல்லேங்கல. வெளியில நடமாடுதே ஒரு உசுரு, அதுக்கு என்ன வழின்னுதான் கேட்கறேன். உங்க மாடி சும்மாத்தானே கிடக்கு? ஒரு வருஷம் அவளை வச்சுச் சோறு போடறீங்களா?"

"மாடியில பழைய சாமான் கிடக்கு."

"பார்த்தீங்களா? சாமானுக்கே இடம் பத்தல."

கத்தரி லைனிங் துணிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். "என் வயித்தைப் பத்தி ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சுன்னா சொல்லுங்க. எனக்கு மேஜை வேணும், துணி வெட்டணும்."

"பார்த்தீங்களா, அந்தப் பொண்ணே சொல்லுது" என்றார் தையல்காரர்.

"உங்களையும் சேர்த்துத்தான் மாமா சொன்னேன்."

தலை உள்ளே போய்விட்டது.

முதலாளியம்மா அந்த வழக்கில் எந்தக் கட்சியிலும் இல்லை. அவளுக்கு அந்த இரண்டு மாசத்துக்கு அதற்குள் முடி முளைத்திருந்தது, வளையல்களைத் தள்ளத் தெரிந்திருந்தது. வக்கீலிடம் போன் போட்டுக் கேட்டிருந்தாள். பெற்றவளே அதிகாரி முன்னால் சம்மதம் சொன்னால் வரிசையில் நிற்காமலே காரியம் ஆகும். செலவு ஆகும், அலைச்சல் ஆகும், ஆனால் ஆகும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அந்த "ஆனால் ஆகும்" என்ற இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நடமாடினாள்.

நீளத் துணியை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, ஒருத்தரை நோக்கி ஒருத்தர் நடந்துவந்து, முனைகளைச் சேர்த்து, மறுபடி விலகிப் போக வேண்டும். பேச வசதியான வேலை. கிட்டே வரும்போது சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் விலகிக்கொள்ளலாம். புதன்கிழமை அப்படி மடித்துக்கொண்டிருக்கும்போது கத்தரியே ஆரம்பித்தாள்.

"நான் வளர்ந்த இடத்துல ஞாயித்துக்கிழமைன்னா தலை சீவி விட்டு வரிசையா நிக்க வைப்பாங்கக்கா. ஆளுங்க வருவாங்க. கன்னத்தைத் தட்டுவாங்க, பேரு கேட்பாங்க. சின்னதா, சிவப்பா பார்த்து எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க. நம்ம கடையில பூராத்தையும் பிரிச்சுப் போடச் சொல்லிட்டு ஒண்ணை எடுப்பாங்கல்ல, அப்படி. மிச்சத்தை மடிச்சு வைக்கணும்."

விலகிப் போனாள். திரும்பி வந்தாள்.

"அது கூடப் பரவால்ல. மத்த பிள்ளைங்களுக்கு அத்தைன்னோ மாமான்னோ யாராச்சும் எப்பவாச்சும் வந்து ஜன்னல் பக்கம் நிப்பாங்க. எனக்கு ஒருத்தரும் வரல. பெத்தவ, கிட்ட வர வேணாம், பேச வேணாம். எதிர்ல நின்னு பார்த்துட்டுப் போயிருக்கலாம்ல? எவளாச்சும் ஒருத்தி ரோட்டுல நின்னா, இவதானோன்னு பார்ப்பேன். பஸ்ஸுக்கு நிக்கறவளா இருப்பா."

முனைகள் சேர்ந்தன. கத்தரி துணியை விடவில்லை.

"பெத்துத் தரேன்க்கா. ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்ப்பேன். யாருன்னு சொல்ல வேணாம். துணி வாங்க வந்தவளாட்டம் நிப்பேன். நீங்க அதைக் கல்லாப் பக்கத்துல உட்கார வச்சிருங்க. பார்த்துட்டு, அரை மீட்டர் துணி வாங்கிட்டுப் போயிருவேன்."

"அவர்கிட்ட சொல்றேன்" என்றாள் முதலாளியம்மா.

சொல்லவும் சொன்னாள். வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்க வர வேண்டுமாம் என்பதைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒரு நாள்தானே என்று வாய் சொன்னது. அந்த ஒரு நாளும் எதற்கு என்று வயிறு கேட்டது. பெரியம்மா ஒருத்தி எங்கிருந்தோ வந்து மடியிலிருந்து தூக்கிக்கொண்டு போனதை அந்த வயிறு மறக்கவில்லை.

முதலாளி சிரித்தார். "எடுத்த எடுப்புல எல்லாரும் கேட்கறதுதான். அதுலயே நிக்க மாட்டா. விடு, நான் பேசிக்கறேன்."

"நின்னுட்டா?"

"நின்னுட்டா நாம ஒத்துக்கிட்டுப் போறோம். நமக்குப் பிள்ளைதானே வேணும்? ஆனா முதல்லயே தலையாட்டினோம்னு வை, நாளைக்கு மாசத்துக்கு ஒரு தடவைம்பா."

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை விட்டிருந்தது. கடையில் வேறு ஆள் இல்லை. முதலாளி ஒரு பழுப்புத் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கையில் துணி இல்லாமல் அவருக்குப் பேச வராது.

"உட்காரும்மா."

"நின்னுக்கறேன் முதலாளி."

"ஆஸ்பத்திரி, சாப்பாடு, ரூம் வாடகை எல்லாம் நம்ம பொறுப்பு. வேலைக்கு வர வேணாம், சம்பளம் வந்துரும். பிரசவத்துக்கு அப்புறம் நம்ம மச்சான் கடையில வேலை. இதைவிட நல்ல சம்பளம்."

"சரிங்க."

"ஆனா இந்தப் பார்க்க வர்றது வேணாம்மா."

"மத்ததெல்லாம் நீங்களாக் குடுக்கறது முதலாளி. நான் கேட்டது அது ஒண்ணுதான்."

"பிள்ளைக்குக் குழப்பம். வெட்டினா நேரா வெட்டிடணும். உனக்கு நான் சொல்லணுமா?"

"துணிக்கு அது சரி."

"போட்டோ அனுப்பறேன். வருஷா வருஷம், பிறந்தநாளுக்கு."

"போட்டோ வேணாம்."

"இன்னும் கொஞ்சம் மேல போட்டுத் தரேன், தனியாப் பேங்குல—"

"முதலாளி." கத்தரியின் குரல் தாழ்ந்தது. "நான் ஏத்திக் கேட்கல. இதுல குறைக்க ஒண்ணுமே இல்ல."

நாள் பூராவும் கேட்கிற வசனம் அது. வருகிற எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். முதலாளி பழுப்புத் துண்டை மெதுவாக மடிக்க ஆரம்பித்தார். "சரிம்மா. அப்ப உன் இஷ்டம்."

கத்தரி முதலாளியம்மாவைப் பார்த்தாள். முதலாளியம்மா மீட்டர் கோலைப் பார்த்தாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு கத்தரி முதல் படியில் இறங்கினாள். முதலாளி தலை நிமிரவில்லை. இரண்டாம் படி. துணி நாலாக மடிந்து எட்டாகிக்கொண்டிருந்தது. முதலாளியம்மாவுக்குக் கூப்பிட்டுவிட வேண்டும் போலிருந்தது. கத்தரி கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று இந்தக் கடையில் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்பதும் தெரிந்திருந்தது. ஆனால் இன்னும் ஒரு படி இருக்கிறதே. ஒரு படி பொறுத்தால், அந்த ஒரு நாளும் இல்லாமல், முழுசாக.

மூன்றாம் படியில் கத்தரி நின்றாள்.

மழை இல்லை. ஆனாலும் குடையை விரித்தாள். மடக்கினாள். மறுபடி விரித்தாள்.

முதலாளி வெட்டுமேஜைப் பக்கம் கண்ணைச் சிமிட்டினார். மேஜை மேல் கத்தரிக்கோலும் சுண்ணாம்புக் கட்டியும் கிடந்தன. அவர் இன்னொரு தரம் சிமிட்டினார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. கூப்பிட வேண்டியவள் படியில் நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தபோது படி காலியாக இருந்தது.

முதலாளியம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். மழை விட்ட தெருவில் அத்தனை பேரும் குடையோடு போய்க்கொண்டிருந்தார்கள். அத்தனை குடையும் கறுப்பு. முனை வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். ஒரு பஸ் புறப்பட்டுப் போனது. சாயங்காலம் இரண்டு பேருமாக அவள் அறைக்குப் போனார்கள், பூட்டியிருந்தது. மறுநாள் காலையிலும் பூட்டியிருந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு வைத்துக்கொள்ள அவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்திருந்தது. முதலாளியம்மா பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டு போயிருந்தாள். அறையில் ஒரு கட்டில், கொடியில் இரண்டு உடுப்பு, ஜன்னலுக்குக் கடையில் மிஞ்சின துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த திரை. கத்தரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கக்கா."

"முடிஞ்சிருச்சா?"

"ம்."

முதலாளியம்மா கஞ்சியை டம்ளரில் ஊற்றினாள். ஆற்றினாள். ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"மூணாம் படியில நின்னேன்க்கா."

"பார்த்தேன்."

"குடையை விரிச்சு விரிச்சு மடக்கினேன். மழை கூட இல்ல."

"பார்த்தேன்டி."

"கூப்பிடுவீங்கன்னு நினைச்சேன்."

"அவரு ஒத்துக்கலாம்னுதான் இருந்தாரு. சத்தியமா."

"தெரியும். அவரு எப்ப ஒத்துக்குவாருன்னு எனக்குத் தெரியாதா? எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கேன். அவருக்குக் கூப்பிட வராது, அவரை நான் சொல்லல." கத்தரி டம்ளரை வாங்கிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை விஷயத்தை அவர்கிட்ட சொன்னீங்களா?"

பொய் சொல்ல நல்ல இடம் அது. நாக்கு நுனியில் வந்தும் நின்றது.

"இல்லடி."

கத்தரி தலையாட்டினாள். ஒரு வாய் குடித்தாள். "உப்பு பத்தல."

"போட மறந்துட்டேன்."

"பரவால்ல." இன்னொரு வாய் குடித்தாள். "நான் தப்பு பண்ணிட்டேன்னு நினைக்கலக்கா. முதல்ல இருந்தே இதுதான் என் முடிவு. அதுக்கு அழல. நடுவுல ஒரு ரெண்டு மூணு நாள் வேற மாதிரி நினைச்சேன் பாருங்க. கல்லாப் பக்கத்துல உட்கார்ந்திருக்கும், நான் வந்து அரை மீட்டர் கேட்பேன்னு. என்ன கலர்னு கூட யோசிச்சு வச்சிருந்தேன். அந்த ரெண்டு மூணு நாள்தான் வலிக்குது."

முதலாளியம்மா அழுதாள். கத்தரி அழவிட்டாள். கஞ்சியைக் குடித்து முடித்தாள்.

எழுந்திருக்கும்போது முதலாளியம்மா, "கடைக்கு வருவியா?" என்று கேட்டாள்.

"எதிர்க்கடையில ஆள் கேட்டாங்கக்கா. போகலாம்னு இருக்கேன்." பிளாஸ்க்கைத் துடைத்து மூடிக் கொடுத்தாள். "அங்க படி கிடையாது."

இப்போதெல்லாம் முதலாளியம்மாதான் கூப்பிடுகிறாள். முதலாளி கண்ணைச் சிமிட்டுவதில்லை. அவளுக்குப் பொறுக்க முடிவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். மகளுக்கு முதல் பிரசவமாம், குழந்தைக்கு மெத்தென்று வெள்ளைத் துணி வேண்டும் என்றாள். முதலாளியம்மா பீரோவிலிருந்து நல்லதை எடுத்துப் பிரித்துப் போட்டாள். அந்தப் பெண் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், விலையைக் கேட்டாள், ஊர் வழக்கப்படி பாதியில் ஆரம்பித்தாள். முதலாளி உதட்டைப் பிதுக்கினார். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள்.

"வாங்கம்மா! நீங்க கேட்ட விலைக்கே எடுத்துக்குங்க!"

அந்தப் பெண் திரும்பினாள். துணியைப் பார்த்தாள். முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இவ்வளவு சீக்கிரம் கூப்பிடறீங்களே, துணியில ஏதும் கோளாறா?"

"ஒரு கோளாறும் இல்லம்மா, எடுத்துக்கிட்டுப் போங்க."

"இல்ல, வேணாம்" என்று அவள் மீதி இரண்டு படியையும் விறுவிறுவென்று இறங்கி எதிர்க்கடைக்குப் போய்விட்டாள்.

முதலாளி எழுந்து வந்தார். வெள்ளைத் துணியின் ஒரு முனையை எடுத்து மனைவியிடம் நீட்டினார். இரண்டு பேரும் மடிக்க ஆரம்பித்தார்கள்.

எதிர்க்கடையிலும் பேரம் ஒத்துவரவில்லை போலிருக்கிறது. அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளம்பினாள். முதலாளியம்மா கையில் துணியோடு பார்த்துக்கொண்டே நின்றாள். ஓர் அடி. இன்னோர் அடி. படியில்லாத கடையிலும் கத்தரிக்கு அந்த நொடி தெரிந்திருந்தது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

"அக்கா, வாங்க வாங்க!"

அந்தக் குரல் தன்னை அழைக்கவில்லை என்று முதலாளியம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் துணி கையிலிருந்து நழுவ, அவள் கால் ஒரு படி இறங்கிவிட்டது.